உண்ணிச்செடியிடம் யாரும் சான்று கேட்கவில்லை

‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு வரும் நோட்டீஸில் அது இருக்கும். மலையடிவாரத்தில் நாலு தென்னை வைத்துத் தண்ணீர் ஊற்றியவர் மீது போடப்படும் வழக்கில் இருக்கும். காலனிக்குப் பாதை கேட்டுப் போனால், “அந்த இடமே ஆக்கிரமிப்புதானே” என்று அலுவலகத்தில் சொல்லும் பதிலில் இருக்கும். சில ஆண்டுகளாக அதே சொல்லைக் காட்டைப் பற்றிய செய்திகளிலும் படிக்கிறோம். ஆக்கிரமிப்புத் தாவரங்கள், அந்நியக் களைகள், அகற்றும் பணி தொடக்கம். உண்ணிச்செடி, சீமைக்கருவேல், மஞ்சள் கொன்றை, பார்த்தீனியம் என்று பட்டியலும் வருகிறது.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். “ஆணவக்கொலை, துப்புரவுப் பணி மரணம், பஞ்சமி நிலம் என்று நம் கையில் இவ்வளவு இருக்கும்போது களைச்செடியைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?” கேள்வி நியாயமானதுதான். இந்தக் களைச்செடி யார் நிலத்தில், யார் பாதையில், யார் அடுப்பில், யார் கையில் வந்து முடிகிறது என்று பார்த்தால் இதுவும் நம் பிரச்சினைதான் என்று தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சோழபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எங்கே நின்றாலும் மேற்கில் அந்த மலைதான். அங்கே 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதையும் தேனிப் பக்கத்து மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் ஐந்தாவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இந்த மலையில் செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கங்களில் பளியர் குடியிருப்புகள் உண்டு. அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். தோப்புக்குச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஊருக்குள் இருப்பவர்கள். தோப்பில் களை எடுப்பதும், காய் பறிப்பதும், காவல் இருப்பதும் காலனிக்காரர்கள். காட்டோரத்தில் விறகு பொறுக்குவதும் ஆடு மேய்ப்பதும் அவர்களில் நிலமில்லாதவர்கள். மில் வேலை ஓய்ந்த காலத்தில் விறகுக் கட்டு தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் எங்கள் தெருக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வன உரிமை மனுக்களுக்காகவும் கூலிப் பிரச்சினைகளுக்காகவும் நாங்கள் இந்த அடிவாரத்தில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறோம். நடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். உண்ணிச்செடி கண்ட இடத்தில் முளைப்பதில்லை, அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. வண்டிப் பாதையின் இருபுறமும் இருக்கும். தோப்பு முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில் வேலி கட்டியது போல இருக்கும். ஓடைக் கரையில், மரம் விழுந்து வெயில் இறங்கிய திட்டில், முன்பு எப்போதோ வெட்டித் திருத்திய இடத்தில் இருக்கும். மரங்கள் கைகோத்து நிழல் கட்டிய இடத்துக்குள் போகப் போகக் குறைந்துவிடும்.

காரணம் சிக்கலானதல்ல. அதற்கு வெயில் வேண்டும். அதன் கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவி போன்ற பறவைகள் தின்று போகிற இடமெல்லாம் விதையைப் போடுகின்றன. விழுந்த இடத்தில் நிழல் இருந்தால் அது சோம்பிக் கிடக்கும், வெயில் கிடைத்தால் புதராகும். புதரானபின் அதன் அடியில் வேறு கன்று தலையெடுப்பது கடினம். இன்றைக்கு நிற்கிற மரம் நிற்கும், நாளைக்கு நிற்க வேண்டிய மரம் முளைக்காது. சாம்பல் நிற அணில் பெரும்பாலும் தரையிறங்காமல் கிளைக்குக் கிளை தாவி வாழும் உயிர். மரம் விட்டுப்போன இடத்தில் அதன் பாதையும் விட்டுப்போகிறது. எந்த அணிலின் பேரில் இந்தக் காட்டுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்களோ, அந்த அணிலின் அடுத்த தலைமுறைக்கு வேண்டிய மரத்தை இந்தச் செடி இப்போதே தடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, உண்ணிச்செடி எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டால், அது காட்டில் எங்கெங்கே கை வைத்தார்கள் என்பதன் வரைபடமாகவே வரும். சாலை போட்ட இடம், மரம் வெட்டிய இடம், தோட்டம் போட்ட இடம். கை வைத்தது யார்? சாலை போடவும், மரத்தை ஏலம் விடவும், மலை மேல் தேயிலை, காப்பித் தோட்டம் வைக்கவும் முடிவு எடுக்கும் அதிகாரம் சேரியில் ஒருநாளும் இருந்ததில்லை.

இந்தச் செடிகள் வந்த கதையும் அப்படித்தான். உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. துரைமார் பங்களாவுக்கு வேலியானது, அங்கிருந்து காட்டுக்குப் போனது. சீமைக்கருவேல் விதையை வரவழைக்கச் சொல்லி 1876-ல் அரசுக்கு எழுதியவர் மதராஸ் மாகாணத்து வனத்துறை அதிகாரி பெட்டோம். அது முதலில் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு வறண்ட மாவட்டங்களின் விறகுத் தட்டுப்பாட்டுக்குத் தீர்வு என்று அரசே அதைப் பரப்பியது. நம் மாவட்டம் 1985 வரை இருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டம் அந்த விதைக்கு நல்ல நிலமானது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளைத் தின்ற சீகை மரமும் தைல மரமும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளுக்கான கூழுக்காகவும் அரசு திட்டம் போட்டு நட்டவை. பார்த்தீனியம் 1950களில் புனேப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்டது. வெளிநாட்டுக் கோதுமையோடு வந்தது என்பார்கள்.

ஒரு செடியைக்கூட நம் பாட்டன் கொண்டுவரவில்லை. ஆனால் ‘காட்டை அழிப்பவர்கள் யார்’ என்ற பேச்சு வரும்போது விறகுக் கட்டோடு இறங்கும் பெண்ணைத்தான் படம் எடுக்கிறார்கள்.

செடி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்திய வனவிலங்கு நிறுவனத்து ஆய்வாளர்கள் புலிகள் வாழும் காடுகளில் கணக்கெடுத்து 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி உண்ணிச்செடி பிடித்திருக்கும் பரப்பு சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர். அந்தக் காடுகளில் இது 40 சதவீதத்துக்கும் மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். நம் மாநிலத்தைவிடப் பெரிய நிலத்தை ஒரு செடி எடுத்துக்கொண்டிருக்கிறது.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் நடந்த ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. அங்கே 1997-ல் அளந்த அதே இடங்களை 2008-ல் மறுபடி அளந்தார்கள். 1997-ல் 41 சதவீத இடங்களில் இருந்த உண்ணிச்செடி 11 ஆண்டுகளில் 81 சதவீத இடங்களுக்குப் போயிருந்தது. முன்பு 20 தண்டுகளில் ஒன்று உண்ணியாக இருந்தது, பின்பு மூன்றில் ஒன்று. அந்த மலை 1974-லேயே சரணாலயம் ஆன மலை. ஆக, செடி இப்படிப் பரவியதெல்லாம் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்தான்.

அங்கே வாழும் சோளிகர்களிடம் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் சருகு மட்டும் எரியும்படி சிறு தீ வைப்பது அவர்கள் வழக்கம், அதற்கு ‘தரகு பெங்கி’ என்று பெயர். சரணாலயம் வந்தபின் அது தடை செய்யப்பட்டது, அதற்குப் பிறகுதான் உண்ணி பெருகியது என்கிறார்கள். இதை ஆய்வாளர்கள் கேட்டுப் பதிவும் செய்தார்கள். தீயே உண்ணியைப் பரப்பும் என்று சொல்லும் அறிவியலாளர்களும் உண்டு. எந்தக் காடு, எந்த மாதம், எவ்வளவு பெரிய தீ என்பதைப் பொறுத்து விடை மாறும். நம் மலை வறண்ட மலை. இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு காட்டுக்குள் போக வேண்டாம். நாங்கள் சொல்ல வருவது வேறு. காட்டோடு நூறு தலைமுறை பேசியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காட்டை மூடினார்கள். மூடிய கதவுக்கு உள்ளே செடி வளர்ந்துகொண்டே இருந்தது.

எங்கள் மலையிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம். தேன் எடுக்கப் போகும் பளியர் தாத்தா ஒருவர் சொன்னார்: “முன்னயெல்லாம் இந்தப் பாதையில நின்னா ஓடை வரைக்கும் கண்ணு போகும் சாமி. இப்ப யானை பத்தடியில நின்னாலும் தெரியாது. பயந்து பயந்துதான் நடக்கணும்.” கடுக்காயும் நெல்லியும் பொறுக்கும் இடத்துக்குப் போகப் பாதையே அடைந்துவிட்டது என்றார். காட்டை நம்பி வாழ்பவருக்குப் பாதை அடைந்தால் வருமானம் அடைந்தது என்று அர்த்தம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே இரண்டு பிரிவினர் இருக்கிறார்கள். பட்டியல் பழங்குடியினர், இதர பாரம்பரிய வனவாசிகள். பளியர்கள் முதல் பிரிவில் வருவார்கள். காட்டோரத்துத் தலித்துகள் இரண்டாவது பிரிவு. இந்த இரண்டாவது பிரிவுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. 13 டிசம்பர் 2005-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930. அந்த ஆண்டில் சேரியில் யாரிடம் பத்திரம் இருந்தது? பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாத காலம். நம் பெயரை எழுதி வைத்த ஆவணம் பெரும்பாலும் கடன் சீட்டாகத்தான் இருக்கும், அதுவும் கடன் கொடுத்தவர் வீட்டில் இருக்கும். பெரியவர்களின் வாய்மொழிச் சாட்சியமும் செல்லும் என்று விதி சொல்கிறது. மனுவை வாங்கும் மேசைகளில் அது எவ்வளவு தூரம் செல்கிறது என்பது மனு எழுதிக் கொடுத்த ஒவ்வொரு தோழருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் இன்னொரு தாமதமும் நேர்ந்தது. 2008-ல் உயர்நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் நின்றது. அது நீங்க 2016 ஆனது. 2019 பிப்ரவரி 13 அன்று, மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுக்கக் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதம் 28-ஆம் தேதி அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த இரண்டு வாரம் மலையோரக் குடும்பங்கள் எப்படித் தூங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மனிதருக்கு 75 ஆண்டுச் சான்று, கிராம சபைத் தீர்மானம், கோட்ட அளவிலான குழு, மாவட்டக் குழு, மேல்முறையீடு. செடிக்கு ஒன்றும் இல்லை. வந்தது, பரந்தது, நாற்பது சதவீதத்தை எடுத்துக்கொண்டது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள் என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

மலையிலிருந்து கீழே இறங்கினால் செடி மாறுகிறது, கணக்கு மாறுவதில்லை. கண்மாய், ஓடை, புறம்போக்கு, காலனியைச் சுற்றியுள்ள வெளி எல்லாம் சீமைக்கருவேல். காலனிக்குப் பக்கத்திலேயே இது ஏன் இவ்வளவு அடர்த்தி? காலனியை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். ஓடையோரம், கண்மாய்த் தாழ்வு, பயிருக்கு ஆகாத மேடு. ஊர் வேண்டாம் என்று ஒதுக்கிய நிலத்தில் நம்மையும் வைத்தார்கள், அதே நிலத்தில் கருவேலமும் முளைத்தது. 1892-ல் தொடங்கி ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்திலும் இதே கதை. கிணறு தோண்டக் காசில்லாமல், பாதை இல்லாமல் போட்டு வைத்த நிலத்தில் முள் ஏறியது. முள் ஏறிய நிலத்துக்குத் ‘தரிசு’ என்று பெயர் வைத்தார்கள். தரிசுதானே என்று அடுத்தவர் வேலி போட்டார். நிலம் பறிபோகும் வழிகளில் இந்த முள் ஏறுவதும் ஒன்று.

அதேசமயம் இந்த முள்தான் நம் மக்களுக்குச் சோறும் போட்டது. இதை மறைத்துப் பேசினால் அது நேர்மையாகாது. விருதுநகர், இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். ஆட்டுக்கு நெற்று, அடுப்புக்கு விறகு. விறகு பொறுக்கும் அக்கா ஒருவர் உண்ணிக்கும் கருவேலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிச் சொன்னார்: “உண்ணிச்செடி சடசடன்னு எரிஞ்சிரும் தம்பி, சோறு வேகுறதுக்குள்ள அடுப்புல கங்கு இருக்காது. கருவேலுன்னா கங்கு நிக்கும். மல மரம் ஒண்ணுங் கெடைக்காட்டி இதத்தானே எரிக்கணும்?” உண்ணி இலை ஆடு மாட்டுக்கும் ஆகாது, அதிகம் தின்றால் ஈரலைக் கெடுக்கும். மேய்ச்சல் நிலத்தை உண்ணி பிடித்தால் ஆடு வளர்ப்பவர் இன்னும் தூரம் நடக்க வேண்டும்.

2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது எங்கள் பக்கத்திலும் பொக்லைன் வந்தது. நீர்நிலையில் கருவேலம் போக வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு கண்மாயில் நாங்கள் பார்த்தது இது. மரம் ஏலம் போனது, எடுத்தவர் ஊரில் பெரிய கை. வெட்டியவர்கள் காலனிக்காரர்கள், டன் கணக்குக் கூலி. கையுறை கிடையாது, செருப்பு அவரவர் செருப்பு. அந்த முள் செருப்பைத் துளைத்து ஏறும், ஏறினால் சீழ் பிடிக்கும். ஒருவர் இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை, மருத்துவச் செலவு அவருடையதுதான். தூரைத் தோண்டாமல் மேலே மட்டும் வெட்டியதால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் தழைத்தது. சுற்றுச்சூழல் பாதுகாக்கப்பட்டதாகக் கணக்கு முடிந்தது. பார்த்தீனியம் பிடுங்கும் பெண்களின் கைகளில் அரிப்பும் தடிப்பும் வருவதும் இந்தக் கணக்குகளில் ஏறாத செலவுதான். மலம் அள்ளுவது யார் வேலை என்று சாதி தீர்மானித்ததைப் போலவே, முள் அள்ளுவது யார் வேலை என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றியும் சூழல் மீட்டெடுப்பு பற்றியும் தனிக் கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டி அரசுக் காகித ஆலைக்குக் கூழாக்கக் கொடுக்கிறார்கள். கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் கலைஞர்கள் உண்ணித் தண்டை வேகவைத்து வளைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகள் செய்கிறார்கள். அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன, அமெரிக்கா வரை போயின. நம் மக்களின் கைத்திறன் உலகத்துக்குத் தெரிந்ததில் மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது. செடியை எடுத்த நிலத்தின் மீது அந்தக் கைகளுக்கு உரிமை உண்டா? கூலியும் பாராட்டும் மட்டும் கொடுத்து உரிமையைக் கொடுக்காமல் விடுவது நமக்குப் பழக்கமான ஏற்பாடு.

உரிமை என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது. உண்ணிச்செடியை எடுக்க நல்ல முறை ஒன்று உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் உருவாக்கியது. காய் விடும் முன் செடியின் ஆணிவேரை மண்ணுக்குச் சற்றுக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண்ணைக் கிளறக் கூடாது, கிளறினால் கிடக்கும் விதையெல்லாம் எழும்பும். எடுத்த இடத்தில் உடனே நாட்டுப் புல்லும் மரமும் வர வழி செய்ய வேண்டும். பறவை உட்காரும் மரத்தடிகளில் முளைக்கும் கன்றுகளை அடுத்தடுத்த ஆண்டுகளும் வந்து பிடுங்க வேண்டும். ஒரு மாத ஒப்பந்தத்தில் இயந்திரத்தோடு வருபவரால் இது ஆகாது. எந்த மரத்தடியில் எந்தப் பறவை உட்காரும் என்று தெரிந்தவர், அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருப்பவர்தான் இதைச் செய்ய முடியும். அவர் அங்கே இருப்பதற்கு உரிமை வேண்டும். காட்டை மீட்பதும் உரிமையை மீட்பதும் வேறு வேறு வேலை அல்ல.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது, கிராம சபைக்கு அதற்கான அதிகாரமும் தருகிறது. புலிகள் காப்பகம் என்றால் இது செல்லாது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். மேலே சொன்ன பிலிகிரி ரங்கன் மலையில், அது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பிறகும், 2011-ல் சோளிகர்களின் சமூக வன உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டன.

‘அந்நியம்’ என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். அந்நியச் செடி, மண்ணின் மரம், தூய காடு என்று மேடைகளில் உணர்ச்சியோடு பேசுகிறார்கள். ‘தூய்மை’ என்ற சொல்லைக் கேட்டால் காது கூர்மையாவது நம் வரலாறு கற்றுத் தந்த பழக்கம். நாம் தினமும் குழம்பில் போடும் மிளகாயும் தக்காளியும், கொல்லையில் விளையும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். அவை யாரையும் விரட்டவில்லை. எங்கிருந்து வந்தது என்பது ஒரு செடியின் குற்றம் அல்ல. தன் அடியில் வேறு எதையும் முளைக்க விடாமல் செய்வதுதான் பிரச்சினை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், நம் நாட்டின் ஆகப் பழைய ஆக்கிரமிப்பு எது என்பதற்குத் தாவரவியல் படிக்கத் தேவையில்லை.

1927-ல் மகாத்துக் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளியபோது, பொதுச்சொத்தில் நமக்குப் பங்கு உண்டு என்பதைத்தான் நிலைநாட்டினார். கண்மாயும் மேய்ச்சல் நிலமும் காடும் அந்தப் பொதுச்சொத்தில் அடக்கம். அதில் எது வளர வேண்டும், எதை எடுக்க வேண்டும், எடுத்த பிறகு அது யாருக்கு என்று முடிவு செய்யும் இடத்தில் நாம் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறோம்.

ஒன்று, உங்கள் ஊர் வரைபடத்தை நீங்களே போடுங்கள். கைபேசி போதும். உண்ணி எங்கே, கருவேலம் எங்கே, பார்த்தீனியம் எங்கே, அந்த நிலம் பட்டாவா, புறம்போக்கா, பஞ்சமியா, காடா என்று குறியுங்கள். விறகுக்குப் போகும் பெண்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் கூட்டிக்கொண்டு நடங்கள். பத்தாண்டுக்கு முன் எப்படி இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எத்தனை ஹெக்டேரில் செடி எடுத்தார்கள், ஒப்பந்தம் யாருக்கு, எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை, என்ன கூலி, கையுறையும் காலணியும் கொடுத்தார்களா, மரம் விற்ற பணம் எவ்வளவு, அடுத்த ஆண்டுகளில் கன்று பிடுங்கத் தொகை ஒதுக்கியிருக்கிறார்களா, கிராம சபையிடம் கேட்டார்களா. எட்டுக் கேள்வியும் ஒரே தாளில் அடங்கும்.

மூன்று, கிராம சபைக்குப் போங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. செடி அகற்றும் வேலை உள்ளூர் நிலமற்றவர்களுக்கே, நேரடிக் கூலியாக, பாதுகாப்புக் கருவிகளோடு என்று தீர்மானம் எழுதுங்கள். விறகும் கரியும் அவர்களுக்கே சேர வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். முள் எடுத்த பஞ்சமி நிலம் உரியவர் கைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் விடாதீர்கள்.

நான்கு, வன உரிமை மனு போடாத குடும்பங்களைக் கண்டுபிடியுங்கள். எண்பது வயதைக் கடந்தவர்களின் வாக்குமூலத்தை இந்த ஆண்டே எழுதி வாங்குங்கள். எங்கள் பகுதியில் சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனால் அந்த 75 ஆண்டுகளும் அவர்களோடு போய்விடும்.

அடுத்த கிராம சபைக்கு நாள் அதிகம் இல்லை. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.